4294967297 பகா எண் இல்லையா? சோதனையில் தேறிவிடுகிறதே

கேள்வி:
பகா எண்ணைக் கண்டுபிடிக்கப் பைத்தானில் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். ஓர் எண்ணில் 1-ஐக் கழித்து, 2-ஐ அத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரவேண்டும், அதுதான் சோதனை. 4294967297-க்கும் 1 வருகிறது, ஆனால் 641-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
நிரலில் தப்பில்லை. மீதி 1 வராவிட்டால் அது பகா எண் இல்லை என்று அடித்துச் சொல்லலாம், வந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த எண் 2^32 + 1, அதனால் 2^32-ஐ இதனால் வகுத்தால் மீதி −1 (அதாவது சரியாக வகுபட 1 குறைகிறது), வர்க்கப்படுத்தினால் 2^64-க்கு மீதி 1, அப்புறம் 64-இன் மடங்காக எந்த அடுக்கு வந்தாலும் 1 தான். நீங்கள் உயர்த்திய அடுக்கு 2^32, அதுவும் 64-இன் மடங்குதானே! 2-க்குப் பதில் 3-ஐ வைத்து ஓட்டுங்கள், 1 வராது.

பதில் 2:
இந்தச் சோதனைக்கு அடிப்படையான தேற்றத்தைச் சொன்ன பிரெஞ்சுக் கணிதர் பெர்மாவே இதில் ஏமாந்தவர்தான். 2-ஐ 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் அடுக்குகளுக்கு உயர்த்தி 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள், அதனால் அடுத்து வரும் 2^32 + 1-உம் அப்படித்தான் என்று நம்பினார். 1732-இல் கணிதர் ஆய்லர் அதன் காரணியாக 641-ஐக் காட்டினார். 2^32 + 1-இன் காரணி எதுவும் 64-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்கும் என்று பிற்பாடு அவரே நிறுவினார், அதன்படி 193, 257, 449, 577, 641 என்று ஐந்தே பகா எண்களை வகுத்துப் பார்த்தால் போதும்.

வகுக்காமலேயும் காட்டலாம், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. 641 = 5 × 128 + 1. ஆகவே 641-ஆல் வகுக்கையில் 5 × 2^7-க்கு மீதி −1, நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × 2^28-க்கு மீதி 1. 641 = 625 + 16 என்பதால் 625 இருக்கும் இடத்தில் −16, அதாவது −2^4 போடலாம். உடனே 2^32-க்கு மீதி −1 என்று வந்துவிடும், 1-ஐக் கூட்டினால் பூஜ்யம்.

கேட்டவர்:
தாளில் போட்டுப் பார்த்தேன், நாலே வரி! 3-ஐ வைத்தும் ஓட்டினேன், 1 வரவில்லை. இன்னொரு காரணி 6700417 பகா எண்ணா?

பதில் 2:
ஆமாம், பகா எண்தான். நீங்கள் முதலில் கேட்ட 4294967297-இல் 2-ஐக் கழித்துப் பாருங்கள், 4294967295 வரும். அது 3 × 5 × 17 × 257 × 65537, பெர்மா சரியாகச் சொன்ன ஐந்தின் பெருக்கல். இந்த வரிசையில் 2^32 + 1 தொடங்கி அடுத்தடுத்து 28 எண்கள் பகு எண்கள் என்று இதுவரை நிரூபித்திருக்கிறார்கள், ஆறாவது பெர்மா பகா எண் யார் கையிலும் சிக்கவில்லை.