இழப்புச் சுருக்கமா, குறைச் சுருக்கமா: மேடை ஒலிக் கையேட்டுக்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேடை நிகழ்ச்சிகளில் ஒலி இயக்குவோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். எம்பி3, ஏஏசி ஆகிய ஒலிக்கோப்பு வகைகள் ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுச் சுருக்குகின்றன. ஃபிளாக் எதையும் கழிக்காமல் சுருக்குகிறது. இவற்றுக்கு ‘இழப்புள்ள’, ‘இழப்பற்ற’ என்று போட்டிருந்தேன். வரைவைப் படித்தவர் கேட்ட முதல் கேள்வி: “அப்படியானால் எம்பி3யை ஃபிளாக்காக மாற்றிவிட்டால் இழப்பு சரியாகிவிடுமா?” ஆகாது. ஆனால் நான் போட்ட சொல்தான் அவரை அப்படிக் கேட்கவைத்தது. வேறு சொல் உண்டா?

ஒலிப்பொறியாளர்:

கவலை நியாயமானது. கணக்கைப் பாருங்கள். குறுந்தட்டுத் தரம் என்றால் நொடிக்கு 44,100 மாதிரி (ஒலியலையை ஒருமுறை அளந்த எண்), ஒவ்வொன்றும் 16 பிட், இரு தடம். அதாவது நொடிக்கு 1,411 கிலோபிட். ஒரு நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்குச் சற்று மேல். அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். திரும்ப வேவ் (சுருக்காத கோப்பு) ஆக்கினால் மறுபடி 10 மெகாபைட். கோப்பு பெருத்துவிட்டது, கழிந்த ஒலி வரவில்லை.

அதற்காக மாற்றவே வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். மேடையில் ஓடவேண்டியது வேவ் அல்லது அதைப்போலவே சுருக்காத ஏஐஎஃப்எஃப்தான். எம்பி3யில், அதிலும் பிட்வீதம் (நொடிக்கு எத்தனை பிட் என்பது) மாறிக்கொண்டே இருக்கும் வகையில், நடுவிலிருந்து தொடங்கச் சொன்னால் சில இயக்கிகள் (கோப்பை ஓட்டும் மென்பொருள்கள்) இடம் தவறும். மீதி நேரத்தையும் தப்பாகக் காட்டும். லூப், அதாவது முடிந்ததும் மறுபடி தொடங்கும்படி ஓட்டுவதுதான் பெரிய தலைவலி. எம்பி3 ஒலியை 1,152 மாதிரி கொண்ட சட்டங்களாக (ஃபிரேம் எனும் துண்டுகளாக) வெட்டுகிறது. அதனால் தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் சேர்கிறது, கடைசிச் சட்டம் நிரம்பாவிட்டால் முடிவிலும் சேர்கிறது. தொடக்கத்து மௌனம் வழக்கமாக நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. பாட்டுக்கு இது பொருட்டல்ல. மழையை லூப்பில் விட்டால், சோவென்று பெய்யும் மழை ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை விக்கும். கோப்பின் தலைப்பிலுள்ள குறிப்பைப் பார்த்து அந்த மௌனத்தை வெட்டிவிடும் இயக்கிகள் உண்டு, எல்லாம் வெட்டுவதில்லை. வேவாக மாற்றும்போதும் அது கூடவே வந்துவிடலாம். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, அலை சுழிக்கோட்டை (நடுவிலுள்ள பூச்சியக் கோட்டை) கடக்கும் இடத்தில் இரு முனையையும் வெட்டி, வேவாகவே சேமிக்கவேண்டும். எம்பி3யாகச் சேமித்தால் மௌனம் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இலக்கண ஆசிரியர்:

‘இழப்பு’ தானாக நேர்வது. இங்கே நடப்பது தெரிந்தே விடுவது. செய்யுளில் தாமரை ‘மரை’ ஆவது முதற்குறை, ஓந்தி ‘ஓதி’ ஆவது இடைக்குறை, நீலம் ‘நீல்’ ஆவது கடைக்குறை. எழுத்து போனாலும் பொருள் நிற்கிறது. பெரிய ஒலியின் நிழலில் காதுக்கு எட்டாத சிற்றொலியை எம்பி3 விடுவதும் இதே வேலைதான். ஆகவே குறைச் சுருக்கம், குறையாச் சுருக்கம்.

இன்னும் பாருங்கள். பொறியாளர் சொன்ன மௌனம் தோன்றல் விகாரம். மாதிரிவீதம் மாறுவது திரிதல். ஒலி கழிவது கெடுதல். மூன்று விகாரமும் ஒரே கோப்பில் அமைகின்றன. கையேட்டின் இயல் பகுப்பையே இப்படி வைக்கலாம்.

பயிற்றுநர்:

ஐயா, இயல் பகுப்பு இருக்கட்டும். ‘குறைச் சுருக்கம்’ என்றால் குறைவாகச் சுருக்கியது என்றுதான் வகுப்பில் புரிந்துகொள்வார்கள். உண்மை நேர்மாறு: அதிகம் சுருக்குவது எம்பி3, ஃபிளாக் பெரும்பாலும் பாதியளவில் நின்றுவிடும். மென்பொருளில் அவர்கள் கண்ணில் படுவது லாஸி (இழப்புள்ள), லாஸ்லெஸ் (இழப்பற்ற) என்ற ஆங்கிலச் சொற்கள். அதையே எழுதினால் தேடும் நேரம் மிச்சம்.

இலக்கண ஆசிரியர்:

மென்பொருளில் பார்த்த சொல்லைத் திருப்பிச் சொல்வதற்குக் கையேடு எதற்கு அம்மா? இழப்பு என்ற வேராவது அவர்கள் அறிந்தது. லாஸி என்றால் வெறும் ஓசை. ‘குறை’ குழப்பும் என்றால் ‘நிறைகுடம்’ போல வினைத்தொகையாக்கி ‘விடுசுருக்கம்’ எனலாம். ஒற்றும் மிகாது. எதிர்ச்சொல் விடாச்சுருக்கம்.

பயிற்றுநர்:

விடாமழை என்றால் நிற்காத மழை. விடாச்சுருக்கம் என்றால் நிற்காமல் சுருக்கிக்கொண்டே இருப்பதா?

ஒலிப்பொறியாளர்:

பெயரடையை விட்டுவிட்டு வினையைப் பாருங்கள். இயக்குபவர் செய்யும் வேலை மூன்று. மூன்றையும் ‘கன்வர்ட்’ என்ற ஒரே சொல்லில் அடைக்கிறார்கள். எம்பி3யை வேவ் ஆக்குவது விரித்தல்: புதிதாக எதுவும் போகாது, போனதும் வராது. வேவை ஃபிளாக் ஆக்குவது மடித்தல்: பிரித்தால் அதே ஒலி, பிட் மாறாமல். எம்பி3யை ஏஏசி ஆக்குவது மறுகழிப்பு: கழித்ததன்மேல் இன்னொரு கழிப்பு. மூன்றாவதைச் செய்யவே கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

மாதிரிவீதத்துக்கும் ஒரு பத்தி வேண்டும். 44,100இல் பதிந்ததை வீதம் மாற்றாமல் 48,000இல் ஓட்டினால் ஏறத்தாழ 9 விழுக்காடு வேகம் கூடும். சுருதி முக்கால் கட்டை ஏறிவிடும். பாடுபவர் சேரவே முடியாது. காணொளி கலந்த நிகழ்ச்சி என்றால் எல்லாக் கோப்பையும் 48,000க்கு மாற்றி வையுங்கள். எம்பி3யை விரிக்கும்போது ஒலியளவை ஒரு டெசிபலாவது இறக்கிக்கொள்ளுங்கள். விரித்த அலையின் உச்சி மூலத்தைவிட மேலே போகலாம். 16 பிட்டில் சேமித்தால் அந்த உச்சி நறுக்கப்பட்டுக் கரகரக்கும்.

இலக்கண ஆசிரியர்:

யாப்பில் விரித்தல் என்றால் எழுத்து கூடவேண்டும். உங்கள் விரித்தலில் எதுவும் கூடவில்லையே.

ஒலிப்பொறியாளர்:

பாயை விரித்தாலும் எதுவும் கூடுவதில்லை ஐயா.

மொழிபெயர்ப்பாளர்:

வியாழன் மாலை ஆகிவிட்டது. குழுவில் நான்கு பேர் ‘இழப்பு’ பக்கம், இருவர் ‘விடு’ பக்கம், ஒருவர் லாஸி. ‘இழப்புச் சுருக்கம்’, ‘இழப்பிலாச் சுருக்கம்’ என்று வைக்கிறேன். சுருக்கும் செயலுக்குத்தான் இந்த அடைமொழி. ‘இழப்பிலாக் கோப்பு’ என்று எங்கும் வராது. விரித்தல், மடித்தல், மறுகழிப்பு மூன்றும் அப்படியே. எம்பி3யிலிருந்து விரித்த வேவ் கோப்பின் பெயரில் ‘எம்பி3மூலம்’ என்று சேர்க்கச் சொல்லி ஒரு வரியும் போட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதைத் திறப்பவருக்கு அது மூலமில்லை என்று தெரியாது.

பயிற்றுநர்:

ஒப்புக்கொள்கிறேன். பின்னிணைப்பில் லாஸி, லாஸ்லெஸ் இரண்டும் இருக்கட்டும்.

இலக்கண ஆசிரியர்:

அச்சுக்குப் போகட்டும். விடுசுருக்கம்தான் சரி என்பதில் எனக்கு மாற்றமில்லை. விடாமழையில் ‘விடா’ நேரத்தைச் சுட்டுகிறது. சுருக்கத்தில் பொருளைச் சுட்டும். ‘ஒன்றையும் விடாமல் சொல்’ என்கிறோமே, அந்த ‘விடா’. அடுத்த பதிப்பில் பேசுவோம்.