பாப்கார்ன் பாதி பொரியுது, பாதி மணியாவே நிக்குது: மழைக்காலத்துக்குப் பக்குவம் என்ன?

சிப்புட்_லயத்துவீடு

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். தீபாவளிக்கு முதல் நாள் இராத்திரி மகன், மகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் கூடுவார்கள். முறுக்கு சுடுகிற அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு பானை பாப்கார்னும் பொரியணும், அது எங்கள் வீட்டு வழக்கம். மூடியில் டப் டப்பென்று அடிக்கிற சத்தம் கேட்டால்தான் பிள்ளைகள் கைப்பேசியை வைத்துவிட்டு அடுப்படிக்கு வரும்.

இப்போது நான் செய்கிற அளவு: அரை கப் சோளம், 2 மேசைக்கரண்டி எண்ணெய், மெல்லிய அலுமினியப் பானை, இறுக்கமான மூடி. கால்வாசி மணி பொரியாமல் அடியில் கிடக்கிறது. பொரிந்ததும் சின்னதாக, சவ்வு மாதிரி இருக்கிறது. சோளம் சில்லறைக்கடையில் நிறுத்து வாங்கியது. பையைப் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது. இணையத்தில் தண்ணீர் தெளித்து ஊறவைக்கச் சொன்னார்கள். செய்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. அந்தக் காலத்து மார்ஜரின் சீனி ருசியும் வேண்டும், ஆனால் சீனி போட்டாலே காந்துகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பனை_ஓரம்

அம்மா, தண்ணீர் தெளித்ததுதான் தப்பு. அந்த யோசனை காற்று வறண்ட நாட்டுக்காரர்களுக்கு. நம் ஊரில் கோளாறு நேர் எதிர்.

பாப்கார்ன் மணிக்குள் ஏறக்குறைய 14 சதவீதம் ஈரம் இருக்கணும். சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி உள்ளேயே அடைபடும். மாவுப் பகுதி இளகிக் கூழாகும். தோல் கெட்டியாக இருந்தால் 180 டிகிரி செல்சியஸ் வரைக்கும் பிடித்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போல 9 மடங்கு. அதன் பிறகுதான் தோல் கிழிந்து, மாவு நுரைத்து, அப்படியே ஆறி இறுகிப் பூவாகிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் இருவர் 2015-இல் சோதித்துப் பார்த்ததில் 170 டிகிரியில் 34 சதவீதம்தான் பொரிந்தது, 180 டிகிரியில் 96 சதவீதம். பத்தே டிகிரியில் அவ்வளவு வித்தியாசம். நீங்கள் சொல்கிற அந்த 'டப்' கூடத் தோல் கிழிகிற சத்தம் இல்லை, ஆவி ஒரேயடியாக வெளியேறுகிற சத்தம் என்று அவர்கள் காட்டினார்கள்.

நம் பக்கத்துக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். பை திறந்தே கிடந்தால் சோளம் அதை உறிஞ்சி 15 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஈரம் கூடினால் தோல் இளகி, அழுத்தம் ஏறுவதற்கு முன்பே விட்டுக்கொடுத்துவிடும். பூ சின்னதாக, முரடாக, சவ்வாக வரும். உங்களுக்கு நடப்பது இதுதான். ஈரம் குறைந்த சோளம் வேறு மாதிரி காட்டும்: பாதி வாய் பிளந்து நிற்கும், இல்லையென்றால் பொரியாமலே கருகும்.

முதலில் எண்ணிப் பாருங்கள். சரியாக 100 மணி போட்டுப் பொரித்து, மீதியை எண்ணுங்கள். பத்துக்குள் நின்றால் சோளம் நல்லது. இருபதுக்கு மேல் போனால் காய வைக்கணும். வெயில் இருந்தால் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி இரண்டு மணி நேரம். மழைக்காலத்தில் ஐஸ்பெட்டியில் மூடாமல் ஒரு நாள் வையுங்கள். ஐஸ்பெட்டி சோளத்தை உலர்த்திவிடும், அதில் வைக்காதே என்பார்கள். இங்கே நமக்கு அந்த உலர்த்தல்தான் வேண்டும். இடையிடையே இருபது சோள மணி எடுத்துப் பொரித்துப் பார்த்து, பூ பெரிதானதும் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடிவிடுங்கள். அளவுக்கு மீறி உலர்ந்துவிட்டால் மட்டும் 3 கப் சோளத்துக்கு 1 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, அடிக்கடி குலுக்கி இரண்டு மூன்று நாள் மூடி வைக்கலாம்.

நீங்கள் தண்ணீர் தெளித்த சோளத்தை மோந்து பாருங்கள். பூசண வாடை வந்தால் காய வைத்துப் பயன் இல்லை, கொட்டிவிடுங்கள். வண்டு துளைத்த மணியும் கீறல் விழுந்த மணியும் எப்படிச் செய்தாலும் பொரியாது, ஆவி அந்த ஓட்டை வழியே போய்விடும்.

அடுப்படிக்காரி

சோளத்தைப் பத்தி அண்ணன் சொன்னது சரி. ஆனா அம்மாவோட பானையிலயும் கோளாறு இருக்கு.

அரை கப்புன்னா சுமார் 100 கிராம். அது பொரிஞ்சா 3 லிட்டருக்கு மேல வரும், அதனால 5 லிட்டர் பானை எடுங்க. எண்ணெய் 3 மேசைக்கரண்டி. ரெண்டு பத்தாது: ஒவ்வொரு மணியும் எண்ணெய்ல நனைஞ்சாத்தான் சூடு எல்லாப் பக்கமும் ஒண்ணா ஏறும். 2 வெள்ளி 50 காசுக்கு வர்ற ஒரு கிலோ பொட்டலச் செம்பனை எண்ணெயே போதும், 200 டிகிரிக்கு மேல தாங்கும். வெண்ணெய்லயோ மார்ஜரின்லயோ பொரிக்காதீங்க. வெண்ணெய்ல இருக்கிற பால் சத்து மணி வெடிக்கிறதுக்குள்ள கருகிடும்.

நடுத்தரத் தீ. எண்ணெய்ல மூணே மணி போட்டு மூடுங்க. மூணும் வெடிச்சதும் அதுகளை எடுத்துட்டு, மீதிச் சோளத்தைக் கொட்டி, பானையை அடுப்புல இருந்து இறக்கி 30 வினாடி சும்மா வைங்க. நெறைய பேரு விடுறது இந்த இடத்தைத்தான். அந்த அரை நிமிஷத்துல எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வந்துடும், பிறகு அடுப்புல வச்சா ஒண்ணு ரெண்டா இல்லாம மொத்தமா வெடிக்கும். மெல்லிய அலுமினியத்துல நடுவுல மட்டும் சூடு குத்தும், நிறுத்தாம ஆட்டிக்கிட்டே இருக்கணும். சின்னத் தீயில ரொம்ப நேரம் வச்சாலும் கெட்டுடும், மணியோட காம்புப் பக்கமா ஆவி கசிஞ்சு போயிடும்.

மூடியை இறுக்காதீங்க. ஒரு விரல் அளவு சந்து விடுங்க, சந்து உங்க முகத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். ஆவி உள்ளயே சுத்துனா மொறுமொறுப்பா வந்த பூவும் சவசவன்னு ஆயிடும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவுல ரெண்டு வினாடி இடைவெளி வந்தா அடுப்பை அணைச்சுட்டு அகலப் பாத்திரத்துல கொட்டிடுங்க. மீதி நாலு மணிக்காகக் காத்திருந்தா பானை முழுக்கக் காந்தல் வாடைதான்.

கோலகங்சார்_ஆள்

உப்பு, சீனி பற்றி நான் சொல்கிறேன்.

சாதாரண உப்பு பூவில் ஒட்டாமல் அடியில் இறங்கிவிடும். பிளெண்டரில் போட்டு மாவாக அரைத்து, பூ சூடாக இருக்கும்போதே தூவுங்கள். அரை கப் சோளத்துக்கு அரைத் தேக்கரண்டி. தியேட்டர் ருசி வேண்டுமென்றால் அந்தப் பொடி உப்பைப் பொரிக்கிற எண்ணெயிலேயே போடணும். அது பழைய முறை. சார்ல்ஸ் கிரெட்டர்ஸ் 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோன இயந்திரத்திலும் சோளம் அப்படித்தான் கொழுப்போடு சேர்ந்து பொரிந்தது.

மார்ஜரினை அப்படியே உருக்கி ஊற்றினால் பூ சுருங்கி நனைந்துவிடும், அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. சின்னச் சட்டியில் 2 மேசைக்கரண்டி மார்ஜரினைப் போட்டுச் சடசடவென்ற சத்தம் அடங்கும்வரை காய்ச்சுங்கள். சத்தம் நின்றால் தண்ணீர் போய்விட்டது. பிறகு கரண்டியால் சுற்றி விட்டுக் கிளறுங்கள்.

சீனி காந்துவதற்குக் காரணம், அதை முதலிலேயே போடுவதுதான். சோளம் வெடிக்கிற சூட்டில் சீனியும் உருகிக் கருகத் தொடங்கும், அதனால் அது பானையில் இருக்கிற நேரத்தைக் குறைக்கணும். சோளத்தைக் கொட்டிய பிறகு, முதல் நாலைந்து வெடி கேட்டதும் 3 மேசைக்கரண்டி வெள்ளைச் சீனியைத் தூவி மூடி, கை விடாமல் குலுக்குங்கள். இதற்கு இரண்டு வினாடிக் கணக்கு ஆகாது. வெடி குறையத் தொடங்கியதுமே இறக்கிக் கொட்டிவிடணும், பானையின் சூடே மீதியைக் கருக்கிவிடும். பத்து மணி பொரியாமல் போனாலும் போகட்டும். உருகிய சீனி கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், பேரப்பிள்ளைகளை அந்த ஒரு நிமிடம் தள்ளி நிறுத்துங்கள்.

கூலா மெலாக்காவில் (தென்னை வெல்லம்) செய்ய ஆசை இருந்தால், பாதிக்குப் பாதி வெள்ளைச் சீனி கலந்து தனியாகப் பாகு காய்ச்சுங்கள். கூலா மெலாக்கா மட்டும் போட்டால் காற்றின் ஈரத்தை இழுத்துச் சீக்கிரம் பிசுபிசுத்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் டக்கென்று முறிகிற பதம் வரணும். வளைந்தால் இன்னும் காயட்டும்.

சிப்புட்_லயத்துவீடு

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய சோளத்தில் பூசண வாடை வருகிறது, கொட்டிவிட்டேன். புதிதாக வாங்குகிறேன். இரண்டு சந்தேகம். பிரஷர் குக்கரில் பொரிக்கலாமா, அதன் அடி கனமாக இருக்கிறதே? முதல் நாள் இராத்திரி பொரித்தது மறுநாள் விருந்தாளி வரும்வரை நமத்துப் போகாமல் இருக்குமா?

அடுப்படிக்காரி

குக்கர் நல்லாவே வரும்மா, ஆனா அதோட மூடியைப் போடாதீங்க. பூட்டினா ஆவி அடைபட்டுப் பூ நனைஞ்சுடும், வெயிட் குழாய்ல பூ போய் அடைச்சா ஆபத்தும்கூட. மேல ஒரு எவர்சில்வர் தட்டைச் சாய்ச்சு மூடுங்க. கனமான அடி சூட்டைப் பிடிச்சு வைக்கும், அதனால வெடி குறையும்போது கொஞ்சம் முன்னாடியே அணைச்சுடுங்க.

வைக்கிறதுன்னா உப்பு மட்டும் போட்டதை வைங்க, மார்ஜரின் மறுநாள் சேர்த்துக்கலாம். நல்லா ஆறின பிறகு முறுக்கு டின்ல போட்டு மூடுங்க. சூட்டோட மூடினா உள்ளயே வேர்த்து நமத்துடும். அப்படியும் நமத்துட்டா ஓவன்ல 120 டிகிரியில 5 நிமிஷம் பரப்பி வைங்க. எடுத்ததும் மெதுவாத்தான் இருக்கும், ஆறினா மொறுமொறுப்பு வந்துடும்.

நாலு வயசு ஆகாத பேரப்பிள்ளைங்க இருந்தா அவங்களுக்கு இதைக் குடுக்காதீங்க, பூவும் தொண்டையில அடைக்கும், பொரியாத மணியும் அடைக்கும். பெரியவங்களுக்கும் பாத்திரத்தை நல்லா ஒரு தடவை குலுக்கி, மேல இருக்கிற பூவை மட்டும் அள்ளிப் போடுங்க. கெட்டி மணி எல்லாம் அடியில தங்கிடும்.