பொடி பாட்டில் லேபிளுக்கு ஒல்லியான கையெழுத்து ஃபான்ட் வேண்டும்

பொடிக்கடை_மயிலை:
மயிலாப்பூரில் வீட்டிலேயே பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்து விற்கிறோம். பாட்டில் ஒடிசல், லேபிள் அகலம் 4 செ.மீ.தான். ஆங்கிலப் பெயருக்கு வெர்னான் ஆடம்ஸ் வரைந்த அமாட்டிக் எஸ்சி என்ற ஃபான்ட் போட்டேன். ஒல்லியாக, உயரமாக, கையால் எழுதியது போலவே துள்ளலாக நிற்கிறது. ஆனால் அதில் தமிழ் இல்லை. ஒரு தடித்த தமிழ் ஃபான்டை எடுத்து கோரல் டிரா மென்பொருளில் அகலத்தை 60 சதவீதமாக்கினேன். அம்மா பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் ஏன்டி நோஞ்சானா இருக்கு?" என்று கேட்டார். என்ன செய்யலாம்?

டிடிபி_திருவல்லிக்கேணி:
நசுக்கினால் நிற்கிற கோடு மெலியும், படுத்த கோடு தடிப்பாகவே இருக்கும். அம்மா கண்ணில் பட்டது அதுதான். கூகுள் ஃபான்ட்ஸில் தாரிக் அஸீஸின் Kavivanar என்ற தமிழ் ஃபான்ட் இருக்கிறது. சாய்ந்த கையெழுத்து, இலவசம், வியாபாரத்துக்கும் போடலாம். 4 செ.மீ.க்குள் அடக்க எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருக்கும்.

பழைய_தூரிகை:
தங்கச்சி, கோடம்பாக்கத்தில் பல வருஷம் பேனர் எழுதியவன் சொல்கிறேன், நீயே எழுது. 'பருப்புப் பொடி'யில் எத்தனை ப இருக்கிறது, எண்ணிப் பார். ஐந்து! ஃபான்ட் ஐந்தையும் ஒரே அச்சாகத்தான் வைக்கும். கையால் எழுதினால் ஒன்று கொஞ்சம் குட்டை, ஒன்று லேசாகச் சாய்வு. அந்தத் துள்ளல் அங்கிருந்துதான் வருகிறது.

ப, ட இரண்டையும் தாராளமாக ஒடுக்கலாம், பெட்டி மாதிரி எழுத்துகள். சுழி உள்ளதில் கை வைக்காதே. 'மணம்' என்று எழுதும்போது ண-வின் ஒரு சுழி அடைத்துக்கொண்டால் 'மனம்' என்றுதான் படிப்பார்கள். பொடிக்கு மணம்தானே முக்கியம்!

இரண்டு வரியாகப் பிரித்தால் மேல்வரி பு-வின் கால் கீழ்வரி டி-யின் கொக்கியில் இடிக்கும். டி-யை ஓரமாகத் தள்ளி, கால் இறங்க இடம் விடு. அப்புறம், இந்த எழுத்து பொடியின் பெயருக்கு மட்டும் போதும். சேர்மானம், தேதி, விலை எல்லாம் சாதாரண ஃபான்டில் இருக்கட்டும். கண்ணாடி போட்ட பாட்டியும் வாசிக்கணும்.

பொடிக்கடை_மயிலை:
ரொம்ப நன்றி அண்ணா. ராத்திரியே ஸ்கெட்ச் பேனாவில் எழுதிப் பார்த்தேன். ப நன்றாக வந்தது. ண-வின் நடுச்சுழிதான் மையில் அடைத்துக்கொள்கிறது.

பழைய_தூரிகை:
லேபிள் அளவிலேயே எழுதியிருப்பாய். ஏ4 தாளில் 12 செ.மீ. அகலத்துக்கு அதே பேனாவால் எழுது, ஸ்கேன் செய்து மூன்றில் ஒன்றாகச் சுருக்கு. கோடு மெலிந்து சுழி திறக்கும். ஒரு பிரிண்ட் எடுத்து பாட்டிலில் சுற்றி, நாலடி தள்ளி நின்று பார். சரியாக வந்தால் இங்கே படம் போடு.