ஈஸ்ட்ரோஜன் குறைந்தபோது எனக்கு நடந்தது, உங்களுக்கு?

எனக்கு 47 வயது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சிலிருந்து முகம் வரை சூடு திகுதிகுவென்று ஏறும். மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பேன். ஐந்தே நிமிடத்தில் வியர்வை குளிர்ந்து போர்வையைத் தேடுவேன். தைராய்டாக இருக்கும் என்று சோதித்தால் எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் மகளிர் மருத்துவரிடம் போனேன். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிதான் உடல் சூட்டைக் கவனிக்கிறதாம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அதற்குப் பொறுமை போய்விடுகிறது. சூடு துளி கூடினாலும் தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, வியர்க்க வைத்துவிடுகிறது. ஹார்மோன் அளவைச் சோதிக்கலாமா என்று கேட்டேன். 45 தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை, மாதவிடாய் நிற்கப்போகும் இந்தக் கட்டத்தில் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும் என்றார்.

*

அக்கா, என் அம்மாவுக்கு இந்தச் சூடு, வியர்வை எதுவுமே வரவில்லை. 44 வயதில் மாதவிடாய் நின்றது, தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டார். 58 வயதில் குளியலறையில் லேசாக வழுக்கி, கையை ஊன்றியதுதான் தாமதம், மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு அடர்த்தி பார்த்தால் டி-ஸ்கோர், அதாவது இளம் வயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு, மைனஸ் 2.9. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனாலே எலும்புப்புரை, எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய். பழைய எலும்பைக் கரைக்கும் செல்களைக் கட்டுக்குள் வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன்தான்; அது போனதும் கரைவது வேகமாகி, புதிதாகக் கட்டுவது ஈடுகொடுக்க முடியவில்லை. 14 வருடம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது.

*

ஆண்கள் எழுதலாமா? 13 வயதில் எனக்கு மார்பு லேசாக வீங்கியது. பள்ளியில் வாங்கிய கிண்டலை எழுதி மாளாது. ஆண் உடலிலும் அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது, பருவ வயதில் விகிதம் கொஞ்சம் தடுமாறும், தானாகச் சரியாகும் என்றார் மருத்துவர். இரண்டு வருடத்தில் சரியானது. அந்த ஹார்மோன் ஆணுக்கு எதற்கு என்று அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகு 1994ல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையைப் பற்றிப் படித்தேன். 28 வயது ஆண், உடல் ஈஸ்ட்ரோஜனுக்கு இணங்கவே இல்லை. உயரம் 204 செ.மீ., எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடாமல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். ஆனால் அந்த வயதிலேயே எலும்புப்புரை.

*

முதலில் எழுதியவள்தான். மணிக்கட்டு முறிந்த அந்த அம்மாவின் கதையைப் படித்த கையோடு எலும்பு அடர்த்திச் சோதனைக்கு நேரம் வாங்கிவிட்டேன். மின்விசிறி இன்னும் முழு வேகத்தில்தான் ஓடுகிறது.