லூசியா ஊர்வலத்துக்கு மகளை அனுப்பலாமா? அங்கி, ரொட்டி பற்றியும் சொல்லுங்கள்

லிங்ஷோப்பிங் அம்மா:
ஆகஸ்டில்தான் சுவீடனுக்குக் குடிவந்தோம். ஐந்து வயது மகளின் பாலர் பள்ளியிலிருந்து சீட்டு வந்திருக்கிறது. டிசம்பர் 13 காலை ஏழரைக்கு லூசியா ஊர்வலமாம். வெள்ளை அங்கி வேண்டும், முடிந்தால் குங்குமப்பூ ரொட்டியும் கொண்டுவரலாம் என்கிறார்கள். தலையில் மெழுகுவத்தி வைப்பார்கள் என்று கேட்டதிலிருந்து மாமியாருக்குத் தூக்கமில்லை. இது தேவாலயச் சடங்கா?

வெஸ்டெரோஸ்வாசி:
முதலில் மாமியாருக்குத் தைரியம் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளின் கிரீடத்தில் எரிவது பாட்டரி விளக்குதான்.

லூசியா, சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரில் 304இல் கொல்லப்பட்ட கிறித்தவப் புனிதர். ஆனால் பழைய நாட்காட்டிப்படி ஆண்டின் மிக நீண்ட இரவு டிசம்பர் 13தான் என்று இங்குள்ளவர்கள் கருதினார்கள். அதனால்தான் இந்த விளக்கு. 1927இல் ஸ்டாக்ஹோம் நாளிதழ் ஒன்று லூசியா போட்டி நடத்திய பிறகு நாடு முழுவதும் பரவியது. பள்ளியில் பாட்டு உண்டு, பூசை கிடையாது. இயேசு பிறப்பைப் பற்றியும் சில பாட்டுகள் வரும். எங்கள் வீட்டில் அது யாரையும் உறுத்தவில்லை.

அவசியம் அனுப்புங்கள். நீங்களும் போங்கள். எட்டரை வரை விடியாத ஊரில், கூடத்து விளக்குகளை அணைத்துவிடுவார்கள். முதலில் நடைவழியிலிருந்து பாட்டு மட்டும் கேட்கும். பிறகுதான் வெளிச்சம் வரும். வரிசையில் ஒரு பிள்ளையாவது அம்மாவைக் கண்டதும் பாட்டை விட்டுவிட்டு ஓடிவரும். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த காலை இது.

அங்கி நவம்பர் கடைசியிலேயே பெரிய கடைகளுக்கு வந்துவிடும். லூசியாவாக வேடமிடும் பிள்ளைக்கு இடுப்பில் சிவப்பு நாடா, கூட வரும் தோழிகளுக்குப் பெரும்பாலும் வெள்ளிச் சரிகை. நட்சத்திரக் கூம்புத் தொப்பியும் உண்டு, இஞ்சி பிஸ்கட் வேடமும் உண்டு, மகளையே கேளுங்கள். உள்ளே கம்பளி உடை கட்டாயம்.

ரொட்டிக்கு ஒரு கிலோ மாவு, அரை லிட்டர் பால், 175 கிராம் வெண்ணெய், ஒரு கிராம் குங்குமப்பூ. இதற்கு மேல் குங்குமப்பூ போட்டால் கசக்கும். அரை கிராம் பொட்டலம் பணம் கட்டும் இடத்திலேயே இருக்கும். வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்துப் பிசையுங்கள். மாவைக் கயிறுபோல் உருட்டி, இரு முனைகளையும் எதிரெதிராகச் சுருட்டி, சுருள் நடுவே ஒவ்வோர் உலர் திராட்சை. மறுநாளே வறண்டுவிடும், ஆறியதும் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள்.

ஒஸ்லோ யாழ்ப்பாணத்தவர்:
நார்வேயிலும் பாலர் பள்ளிகளில் லூசியா உண்டு. 2024இல் கார்த்திகை விளக்கீடும் அதே 13ஆம் தேதி வந்தது. காலையில் பேத்தி வெள்ளை அங்கியில் பாடினாள். மாலையில் பால்கனியில் விளக்கேற்றினோம். ஊரில் என்றால் வாசலில் வாழைக்குற்றி நட்டு அதன்மேல் ஏற்றுவோம். இங்கே கண்ணாடிச் சாடிக்குள் அகலை வைத்தால் காற்றுக்கு அணையாது. தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும், நல்லெண்ணெய் ஊற்றுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும் என்பதே என் எண்ணம்.

லிங்ஷோப்பிங் அம்மா:
மனம் நிறைந்த நன்றி. தோழியாகத்தான் போவாளாம், சரிகை வாங்கியாயிற்று. நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. ரொட்டி சரியாக வருமா?

வெஸ்டெரோஸ்வாசி:
நன்றாக வரும். முட்டையைப் பெரும்பாலும் மேலே தடவத்தான் பயன்படுத்துகிறார்கள். பாலைத் தடவுங்கள், பளபளப்பு சற்றுக் குறையும், அவ்வளவுதான். கொண்டுபோகும் முன் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.