புதியவருக்கு ஸ்டார்டியூ வேலியா? அந்தத் தூண்டிலைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லையே

நீலத்தும்பி
வேறொரு இழையில் மலைக்காற்று எழுதியதை அப்படியே தருகிறேன்: "கேமே விளையாடிப் பழக்கமில்லாதவருக்கு ஸ்டார்டியூ வேலியை வாங்கிக் கொடுங்கள். விலை குறைவு, சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும், இதைவிட எளிதான கேம் கிடையாது."

விலை குறைவு, சரி. பழைய லேப்டாப்பில் ஓடும், அதுவும் சரி. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016-இல் வெளியிட்ட விவசாய கேம், எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் "இதைவிட எளிதானது கிடையாது" என்று எழுதியவர் அந்த மீன்பிடியை மறந்துவிட்டாரா, இல்லை மறைத்துவிட்டாரா? கேமில் இரண்டாம் நாளே வில்லி என்ற மீனவர் கடிதம் போட்டு உங்களைக் கடற்கரைக்கு அழைத்துக் கையில் மூங்கில் தூண்டிலைக் கொடுக்கிறார். வீசினால் ஒரு நீளப்பெட்டி வருகிறது. பச்சைப் பட்டை பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஏறும், விட்டால் இறங்கும், துள்ளுகிற மீன் அந்தப் பட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும். மௌஸை இன்னும் சரியாகப் பிடிக்கத் தெரியாதவரிடம் இதையா கொடுப்பது? தொடக்கத்தில் பட்டை குட்டையாக வேறு இருக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் 8 ஆற்றல் போகும், மொத்தமே 270தான். மீனும் இல்லாமல், செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தெம்பும் இல்லாமல் நிற்பார்கள். இதற்குப் பெயர் எளிதா?

மலைக்காற்று
என் பெயரைப் போட்டே ஒரு இழை, பெருமையாக இருக்கிறது. மீன் பிடிக்க வராதா? பிடிக்காதீர்கள். விதை நடுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், காட்டில் கிடைப்பதைப் பொறுக்குங்கள், ஊர்க்காரர்களோடு பேசுங்கள். தூண்டிலைப் பெட்டியில் போட்டுவிட்டு ஒரு வருடம் முழுக்க விளையாடலாம். எந்த மீனும் வந்து உங்கள் கதவைத் தட்டப்போவதில்லை.

நீலத்தும்பி
பிடிக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியும், புதியவருக்கு யார் சொல்வது? கேம் கடிதம் போட்டுக் கூப்பிடுகிறது, கையில் தூண்டிலைக் கொடுக்கிறது, கேட்கும் பொருள்களைக் கொடுத்துச் சீரமைக்க வேண்டிய சமூக மையத்துக்குள் போனால் மீன் தொட்டி என்று ஒரு அறையே இருக்கிறது, ஆற்று மீன் கொண்டு வா, ஏரி மீன் கொண்டு வா, கடல் மீன் கொண்டு வா என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. முதன்முதலாக விளையாடுபவர் கேம் சொன்னதைத்தான் செய்வார். செய்து, தோற்று, "எனக்கு இதெல்லாம் வராது" என்று மூடிவைத்துவிடுவார்.

பழையவிசை
இருவரும் ஒரு தவறான கேமுக்காகச் சண்டை போடுகிறீர்கள். புதியவருக்குப் போர்ட்டல், சுவரில் வாசல் போட்டுப் புகுந்து போகும் புதிர் கேம். 2007-இல் வந்தது, இன்றைக்கு எந்த விண்டோஸ் கணினியிலும் ஓடும், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் தள்ளுபடி வரும்போது கிட்டத்தட்ட இலவசம் மாதிரி. கற்றுக்கொடுக்கும் விதத்தில் அதை மிஞ்சிய கேம் இல்லை. தொடக்க அறைகளில் உங்கள் கையில் துப்பாக்கியே இருக்காது, வாசல்கள் தானாகத் திறந்து மூடும், அதைப் பார்த்தே புரிந்துகொள்வீர்கள். அப்புறம் ஒரு நிற வாசலை மட்டும் போடும் துப்பாக்கி. இரண்டு நிறமும் கைக்கு வர 11-ஆம் அறை வரை போக வேண்டும். அவசரப்படுத்துவதே இல்லை. நான்கைந்து மணி நேரத்தில் முடித்துவிட்டு "ஒரு கேமை முடித்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஸ்டார்டியூவை என்றைக்கு முடிப்பது?

கட்டெறும்பு
பழையவிசை ஐயா, போர்ட்டலில் இடது கை நான்கு விசைகளில் நடக்க வேண்டும், வலது கை மௌஸால் தலையைத் திருப்ப வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். 20 வருடமாகச் செய்கிறவருக்கு அது மூச்சுவிடுவது போல. புதிதாக வருபவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சுவரில் போய் முட்டுவார். போதாததற்கு அந்த வாசல்களுக்குள் விழுந்து எழுந்தால் பலருக்குத் தலை சுற்றி வாந்தி வருகிறது. நல்ல அறிமுகம்.

காசு கொடுத்து எதற்கு வாங்க வேண்டும்? பேட்டில் ஃபார் வெஸ்நாத் என்ற போர் உத்தி கேம் இருக்கிறது. 2003 முதல் இலவசம், திறந்த மூலம், விளம்பரம் கிடையாது, உள்ளே கடை கிடையாது. ஆட்டம் முறை வைத்து நகரும், உங்கள் முறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், மௌஸ் ஒன்று போதும்.

புதுமுகம்
வணக்கம். கணினியில் கேமே விளையாடாதவர், ஆனால் போனில் நிறைய விளையாடியவர் என்றால் வேறு பதிலா? என் அக்காவுக்குத்தான் கேட்கிறேன்.

நீலத்தும்பி
மலைக்காற்று இன்னும் பதில் சொல்லவில்லை. இரண்டாம் நாள் கடிதம். தூண்டில். பச்சைப் பட்டை. இதற்குப் பதில் என்ன?

மலைக்காற்று
பதில் சொல்லிவிட்டேன், உங்களுக்குத்தான் பிடிக்கவில்லை. இன்னொரு பதில் வேண்டுமா? வில்லியின் கடையிலேயே பயிற்சித் தூண்டில் என்று ஒன்று இருக்கிறது, கேமின் காசில் வெறும் 25. அதை வைத்துக்கொண்டால் பட்டை பெரிதாகிவிடும், சுலபமான மீன்கள் மட்டுமே மாட்டும். புதியவர்களை நினைத்துத்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். இது தெரியாமலா ஒரு இழை முழுக்க எழுதினீர்கள்?

நீலத்தும்பி
பயிற்சித் தூண்டில் எனக்குத் தெரியும். அதைப் போய் வாங்கு என்று கேம் எங்கே சொல்கிறது? வில்லி மூங்கில் தூண்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். கடைக்குள் போய்ப் பட்டியலைப் புரட்டி, மூங்கிலைவிட மலிவானது என்பதால் மட்டமானது என்று தாண்டிப் போய்விடாமல், இதுதான் எனக்கு ஏற்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பவர் புதியவரே இல்லை. "இது புதியவர்களை நினைத்துச் செய்தது" என்று நீங்கள் எழுதிய வரியிலேயே சாதாரணத் தூண்டில் புதியவர்களுக்குக் கடினம் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது.

மலைக்காற்று
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, என் வாயில் வார்த்தையைத் திணிக்க வேண்டாம். மீன் தொட்டி அறையை முழுதாக நிரப்பினால் என்ன கிடைக்கும் தெரியுமா? ஆற்று மணலை அலசுவதற்கு ஒரு சட்டி. பசுமைக்குடில் காய்கறி அறையை நிரப்பினால் வருகிறது, பேருந்து காசு கட்டினால் வருகிறது. அவசரமாக ஒரு மீன் வேண்டுமென்றால் வெள்ளியும் ஞாயிறும் காட்டுக்கு வரும் வண்டிக்கடையில் சில சமயம் கிடைக்கும். மீன் இல்லாமல் எதுவும் நின்றுவிடாது.

அந்திமழை
மீனை விட்டுத்தள்ளுங்கள். எனக்கு அந்தக் கேமில் எரிச்சலூட்டுவது கடிகாரம். கேமில் ஒரு நாள் என்பது நிஜத்தில் சுமார் 14 நிமிடம். படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். நடுவில் யாராவது கூப்பிட்டு மூடிவிட்டால் அன்றைக்குச் செய்தது போச்சு. இரவு 2 மணிக்குள் வீடு போகாவிட்டால் மயங்கி விழுவீர்கள், கொஞ்சம் காசும் போகும். நிதானமான கேம் என்கிறார்கள், எனக்கு ஓடிக்கொண்டே இருப்பதாகத்தான் படுகிறது. இதற்கு 'எ ஷார்ட் ஹைக்' எவ்வளவோ மேல். 2019-இல் வந்தது. ஒரு பறவை, ஒரு மலை, உச்சிக்கு ஏற வேண்டும். சாவு கிடையாது, கடிகாரம் கிடையாது, விழுந்தால் சிறகை விரித்து மிதந்து இறங்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் உச்சியைத் தொட்டுவிடலாம்.

நீலத்தும்பி
அந்திமழை சொல்வதுதான் சரியான பரிந்துரை. எ ஷார்ட் ஹைக்கைக் கேமே விளையாடாத யாரிடமும் தயங்காமல் கொடுக்கலாம். எங்கே போனாலும் ஏதோ ஒன்று கையில் கிடைக்கும், யாரோ ஒருவர் பேசுவார், தவறு செய்தோம் என்ற உணர்வே வராது.

மலைக்காற்று
எ ஷார்ட் ஹைக்கிலும் மீன்பிடி இருக்கிறது.

கட்டெறும்பு
ஐயோ.

நீலத்தும்பி
இருக்கிறது. மிதவை அமுங்கும்போது பொத்தானை அழுத்தி இழுத்தால் போதும். பச்சைப் பட்டை கிடையாது, ஆற்றல் குறையாது, மலை ஏற மீனே தேவையில்லை.

மலைக்காற்று
"தேவையில்லை." நன்றி. இதைத்தான் முதல் பதிலிலிருந்து நானும் சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த கேமில் மீன் தேவையில்லை என்றால் அது சிறப்பு, எனக்குப் பிடித்த கேமில் தேவையில்லை என்றால் அது ஏமாற்று வேலை, அப்படித்தானே?

நீலத்தும்பி
அப்படியில்லை. எ ஷார்ட் ஹைக்கில் மீனுக்கென்று ஒரு அறை கட்டி, வெறும் தொட்டியைக் காட்டி, "இன்னும் நிரப்பவில்லையே" என்று கண்ணை உறுத்துவதில்லை. ஒன்று விருப்பம், மற்றது பாக்கி. இந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியாது என்று எனக்குத் தெரியும். சிவிலைசேஷன் 6-ஐ எல்லாக் கூடுதல் தொகுப்புகளோடும் சேர்த்து வாங்கச் சொல்லி ஒரு புதியவருக்குப் போன வருடம் ஆலோசனை சொன்னவர்தானே நீங்கள்? முதல் திரையைப் பார்த்தே அவர் ஓடிவிட்டார்.

மலைக்காற்று
வந்துவிட்டது பழைய கணக்கு. அவர் உத்தி விளையாட்டு வேண்டும் என்று கேட்டார், நான் சொன்னேன். தள்ளுபடியில் தனியாக வாங்குவதைவிடத் தொகுப்பு மலிவாக வந்தது, அதையும் சொன்னேன். இதை நீங்கள் இன்னும் எத்தனை இழையில் இழுப்பீர்கள்?

பழையவிசை
தலை சுற்றுவதைப் பற்றிக் கட்டெறும்பு தம்பி சொன்னதற்கு வருகிறேன். எல்லோருக்கும் சுற்றாது. சுற்றினால் வெளிச்சமான அறையில், திரையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, மௌஸின் வேகத்தைக் குறைத்து வைத்து விளையாட வேண்டும். இரண்டு கையாலும் ஆடுவது கடினம் என்கிறீர்கள், அதை என்றைக்காவது கற்றுத்தானே ஆக வேண்டும்? யாரும் உங்களைச் சுடாத வெற்று அறையில் கற்றுக்கொள்வது நல்லதா, நாலாபக்கமும் சுடுகிற கேமில் கற்றுக்கொள்வது நல்லதா? 1990-இல் விண்டோஸ் 3.0-வோடு சாலிட்டேர் வந்தபோது சீட்டை இழுத்துப் போட்டே மௌஸ் பழகிய தலைமுறை நாங்கள். விளையாட்டிலேயே கை பழகும். அதற்குப் பயந்து ஒளிந்தால் பழகாது.

கட்டெறும்பு
யாரும் சுடாத அறையா? போர்ட்டலில் பேசிக்கொண்டே சுடுகிற துப்பாக்கிப் பொம்மைகள் கேம் பாதி தாண்டிய பிறகு வரிசையாக நிற்குமே, அவை யாருடைய அறையில் நிற்கின்றன? விழுந்தால் சாகடிக்கும் தண்ணீர்?

பழையவிசை
அவை வருவதற்குள் கை பழகிவிடும். நான் முதல் அறைகளைச் சொன்னேன்.

மலைக்காற்று
கட்டெறும்பின் வெஸ்நாத்தையும் பேசுவோம். கோட்டைக்குள் நிற்கும் மனித வீரனை அடிக்க 40 சதவீத வாய்ப்புதான். நான்கு முறை அடித்து நான்கும் தவறும், எதிரி அடித்தால் எல்லாம் விழும். புதியவர் கேம் ஏமாற்றுகிறது என்றுதான் நினைப்பார். எழுத்து வேறு பக்கம் பக்கமாக.

கட்டெறும்பு
வாய்ப்பு எவ்வளவு என்று அடிப்பதற்கு முன்பே எண்ணைக் காட்டுகிறது, பார்த்துவிட்டு அடிக்கலாம். இலவசமாகக் கிடைப்பது என்றாலே உங்களுக்கெல்லாம் மட்டம். "இலவசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஆடை, பெட்டி, குலுக்கல் என்று விற்கிற கேம்களோடு வெஸ்நாத்தைச் சேர்க்காதீர்கள். உள்ளே எதையும் விற்காத இலவசம்தான் புதியவருக்குப் பாதுகாப்பு. சூப்பர்டக்ஸ்கார்ட்டும் அப்படித்தான், நாலு அம்பு விசையில் கார் ஓட்டலாம்.

நீலத்தும்பி
வெஸ்நாத், போர்ட்டல் எல்லாம் இருக்கட்டும். மீன்பிடியை எடுத்துவிட்டாலே ஸ்டார்டியூ அற்புதமான தொடக்கம் என்று நானே சொல்வேன். எடுக்க முடியாதே. அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள், மீன்பிடியைத் தாண்டிப்போக ஒரு பொத்தான் கிடையாது. செலஸ்ட் எவ்வளவு கடினமான கேம்! 2018-இல் அதிலேயே உதவி முறை வைத்து வேகத்தைக் குறைக்கலாம், சாகாமல் ஆடலாம் என்று விட்டார்கள். ஸ்டார்டியூவில் அப்படி எதுவும் இல்லை.

மலைக்காற்று
மீன்பிடியைத் தாண்டிப்போக மாட் இருக்கிறது, ரசிகர்கள் செய்த கூடுதல் நிரல். போட்டுக்கொள்ளலாம்.

நீலத்தும்பி
கேமே விளையாடாதவர் மாட் நிறுவ வேண்டுமாம். இதை எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தீர்களா?

அந்திமழை
இவ்வளவு சண்டை எதற்கு? ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஸ்டார்டியூவை வாங்கட்டும், தூண்டிலைப் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு எ ஷார்ட் ஹைக் வாங்கட்டும். அதையும் இரண்டு மணிக்குள் முடித்துவிட்டால் அதற்கும் பணம் திரும்பும், செலவே இல்லை.

பழையவிசை
முழுதாக விளையாடி முடித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்பதா? சின்னச் சின்னக் கேம் செய்கிறவர்கள் வயிற்றில் அடிக்கும் வேலை அது. அந்தக் கேமும் ஏறக்குறைய ஒரே ஆள் உழைப்பு. புதியவருக்கு முதல் நாளே இதையா சொல்லிக் கொடுப்பது?

அந்திமழை
விதி அனுமதிக்கிறது, நான் விதியைச் சொன்னேன். ஒழுக்க வகுப்பு நடத்தச் சொல்லி உங்களை யாரும் கேட்கவில்லை.

கட்டெறும்பு
விதி அனுமதிப்பது வாங்கியது பிடிக்காதவருக்காக. முடித்துவிட்டு வருபவருக்காக இல்லை. இதற்குத்தான் இலவச கேம் என்றேன், திருப்பிக் கேட்கவே வேண்டியதில்லை.

புதுமுகம்
அக்கா லேப்டாப்பில் 4 ஜிபி ராம், தனியாக கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எ ஷார்ட் ஹைக் ஓடுமா?

மலைக்காற்று
ஸ்டார்டியூ ஓடும். 2 ஜிபி ராம் போதும் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

நீலத்தும்பி
கேட்டது எ ஷார்ட் ஹைக்கை. அதுவும் பெரிய பாரமில்லாத கேம்தான், அமைப்புகளில் தெளிவைக் குறைத்து வைத்தால் இன்னும் இலகுவாக ஓடும். வாங்கி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழையவிசை
ஓடாவிட்டால் திருப்பிக் கேட்கலாம், அது நியாயம். அந்திமழை சொன்ன மாதிரி முடித்துவிட்டுக் கேட்க வேண்டாம்.

அந்திமழை
என் பெயரை ஏன் இழுக்கிறீர்கள்? நீங்கள் இதுவரை ஒரு கேமைக்கூடத் திருப்பிக் கொடுத்ததே இல்லையா?

பழையவிசை
ஓடாததைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். முடித்ததை இல்லை.

மலைக்காற்று
புதுமுகம், போனில் பழகியவர் என்றால் உங்கள் அக்காவுக்கு மீன்பிடி ஒரு பொருட்டே இல்லை. அழுத்திப் பிடித்து விடுவதுதானே, போனில் தினமும் செய்வது.

நீலத்தும்பி
பாருங்கள், மறுபடியும்! விரலால் திரையைத் தொடுவதும் மௌஸ் பொத்தானை அழுத்திப் பிடிப்பதும் ஒன்றா? புதுமுகம், அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மலைக்காற்று
யார் பேச்சைக் கேட்பது என்று அவரே முடிவு செய்யட்டும். நீங்கள் எப்போதிருந்து அவருடைய அக்காவுக்குப் பொறுப்பு?