லேப்டாப் திறந்தாலே நாய் கையைச் சுரண்டிக் குரைக்குது. கண்டுக்காம விட்டா இன்னும் அதிகமாகுது

பொம்மி_வீடு:

வணக்கம். பொம்மி நாட்டு நாய், பெண், 2 வயசு, 18 கிலோ. கருத்தடை ஆச்சு, தடுப்பூசியெல்லாம் சரியா போட்டிருக்கு. வாரத்துல 4 நாள் எனக்கு வீட்டிலிருந்து வேலை. லேப்டாப் திறந்து 10 நிமிஷம் ஆகுறதுக்குள்ள பக்கத்துல வந்து முன்னங்காலால முழங்கையைச் சுரண்டும். பார்க்கலைன்னா சிணுங்கும். அப்புறம் முகத்துக்கு நேரா நின்னு ஒரே குரைப்பு. பாத்ரூம் போனாகூட வாசல்லயே உட்கார்ந்திருக்கும்.

"கண்டுக்காம விடு, தானா நிறுத்திடும்"னு எல்லாரும் சொன்னதால 6 நாளா திரும்பியே பார்க்காம இருக்கேன். முதல்ல 2 நிமிஷம் குரைச்சது இப்ப 10 நிமிஷம் குரைக்குது. நேத்து சட்டைக் கையைப் பல்லால பிடிச்சு இழுத்துச்சு. தாங்க முடியாம நடுவுல "சும்மா இரு பொம்மி"ன்னு அதட்டிடுறேன். மீட்டிங் நடக்கும்போது குரைச்சா மட்டும் அத்தை ஒரு பிஸ்கட்டைக் காட்டி ஹாலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க.

இதையே தொடரணுமா, விட்டுடணுமா? இது பிரிவைத் தாங்க முடியாத பயமா, வெறும் அடமா? பால்கனியில விட்டுக் கதவைச் சாத்தலாமா?

தெருமுனை:

முதல்ல ரெண்டு விஷயம் தெரியணும். அதுக்கு முன்னாடி யார் சொல்ற முறையையும் ஆரம்பிக்காதீங்க.

ஒண்ணு, நீங்க இல்லாதப்ப அவ என்ன பண்றான்னு வீடியோ வேணும். பழைய போனை அலமாரியில சாய்ச்சு வெச்சு, கதவு தெரியுற மாதிரி ரெக்கார்ட் போட்டுட்டு, அத்தையும் சேர்ந்து எல்லாரும் வெளியே போங்க. 30 நிமிஷம் போதும். பிரிவு பயம் இருக்கிற நாய் பெரும்பாலும் அந்த முதல் அரை மணி நேரத்துலயே காட்டிடும். வெயில் இல்லாமலே மூச்சு இரைக்கிறது, தரையில எச்சில் சொட்டுறது, கதவு நிலையைக் கடிக்கிறது, ஊளையிடுறது, இருந்த இடத்துலயே சிறுநீர் போறது, ரொம்பப் பிடிச்ச தீனியைக்கூட தொடாம இருக்கிறது. போகும்போது கொஞ்சம் வேகவெச்ச கோழிக்கறியைத் தட்டுல வெச்சுட்டுப் போங்க, அதைச் சாப்பிடுறாளான்னு பாருங்க. இந்த அடையாளங்கள் இருந்தா கண்டுக்காம விடுறது மருந்தே இல்லை. பயத்துல இருக்கிற நாய்கிட்ட முகத்தைத் திருப்பிக்கிட்டா பயம்தான் கூடும். அதுக்கு விநாடிக் கணக்குல தொடங்குற பிரிவுப் பயிற்சி வேணும். தேவைப்பட்டா கால்நடை மருத்துவர் பதற்றத்தைக் குறைக்கிற ஃப்ளூக்செட்டின், குளோமிப்ரமின் மாதிரி மருந்து எழுதுவார். அது முழுசா வேலை செய்யவே பல வாரம் ஆகும்.

ரெண்டாவது, இந்த ஒட்டல் எப்ப ஆரம்பிச்சது? திடீர்னு சில நாள்ல வந்ததுன்னா மருத்துவர்கிட்டதான் முதல்ல போகணும். காதுல சீழ், மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் எதுவும் நாயை ஆளோட ஒட்ட வைக்கும். உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கான்னு பாருங்க. காது மடிப்பு, விரலிடுக்கு ரெண்டுலயும் உண்ணி தேடுங்க.

பொம்மி_வீடு:

இன்னிக்கு வீடியோ எடுத்தாச்சு. முதல் 3 நிமிஷம் கதவுகிட்ட சிணுங்கினா, ஒரு தடவை குரைச்சா. கோழிக்கறியைச் சாப்பிட்டா, தண்ணி குடிச்சா. 7வது நிமிஷம் சோஃபாவுல படுத்தவ நாங்க வர்ற வரைக்கும் எழுந்திருக்கலை. எச்சில், சிறுநீர் எதுவும் இல்லை. இந்தப் பழக்கம் 8 மாசக் குட்டியா இருந்தப்ப இருந்தே இருக்கு. உண்ணி இல்லை, ஈறு இளஞ்சிவப்பாதான் இருக்கு. காலையில 20 நிமிஷம், சாயங்காலம் 15 நிமிஷம் நடை. காலை 8, இரவு 8 மணிக்குக் கிண்ணத்துல சாப்பாடு.

பயிற்சிக்களம்:

நல்ல செய்தி. நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா இது பயம் இல்லை. உங்க கவனத்தைக் கேட்டு வாங்கக் கத்துக்கிட்ட பழக்கம். அப்படின்னா கவனத்தை எடுக்கிறது, அதாவது அவ கேட்கும்போது கொடுக்காம விலக்கிக்கிறது, வேலை செய்யும். ஆனா இப்ப நீங்க செய்யுற விதத்துல செய்யாது.

குரைப்பு கூடினது முறை தோத்ததுக்கு அடையாளம் இல்லை. உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்ச வீட்டுக் கதவைத் தட்டுறோம், திறக்கலை. திரும்பிப் போயிடுவோமா? இன்னும் பலமாத் தட்டுவோம். பத்து நிமிஷம் தட்டினப்புறம் கதவு திறந்தா, அடுத்த தடவை வரும்போது பத்து நிமிஷம் தட்டத் தயாரா வருவோம். 2 நிமிஷக் குரைப்பு 10 ஆனது இப்படித்தான். அதட்டல் அவளுக்குக் கவனம்தான்: பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணைப் பார்த்துப் பேசியிருக்கீங்க. தள்ளிவிடுறதும் கவனம், கையால தொட்டாச்சே. மீட்டிங் பிஸ்கட் எல்லாத்துக்கும் மேல. குரைப்பு உச்சத்துல இருக்கும்போது கூலி கிடைக்குது, அதுவும் என்னைக்குக் கிடைக்கும்னு தெரியாத மாதிரி. எப்பவாவது கிடைக்கிற பரிசுக்குப் பழகின செயல், ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற பரிசுக்குப் பழகினதைவிட மறையறதுக்கு ரொம்ப நாள் எடுக்கும். ஸ்கின்னர்ங்கற அமெரிக்க உளவியலாளர் எலியையும் புறாவையும் வெச்சு இதைத்தான் காட்டினார்.

இனிமே செய்ய வேண்டியது.

முதல்ல தேதி போட்டு ஒரு தாள்ல, சுரண்டல் எத்தனை, குரைப்பு எத்தனைன்னு தினமும் கோடு போடுங்க. இது இல்லாம குறையுதா ஏறுதான்னு மனசு சரியாச் சொல்லாது.

மேசைப் பக்கத்துல ஒரு பழைய போர்வையை நாலா மடிச்சுப் போடுங்க. அவளோட காலைத் தீனியில கால் பங்கைக் கிண்ணத்துல போடாம ஒரு டப்பாவுல எடுத்து வெச்சுக்கோங்க. பாதி நிலக்கடலை அளவுத் துண்டு போதும். 10வது நிமிஷம் சுரண்டுறான்னு சொன்னீங்க. அப்ப 5வது நிமிஷமே, அவ படுத்தோ சும்மா நின்னோ இருக்கும்போது, ஒரு துண்டைப் பேசாம போர்வை மேல அவளோட முன்னங்கால் நடுவுல வைங்க. அப்புறம் 3, 6, 4, 8 நிமிஷம்னு மாத்தி மாத்தி. இந்தச் சிகிச்சையில முக்கால்வாசி வேலை இதுதான். நிறையப் பேர் கவனத்தை எடுக்கிறதை மட்டும் செய்துட்டு, அமைதியா இருக்கிற நாயை "நல்லவேளை படுத்திருக்கு, எழுப்ப வேண்டாம்"னு விட்டுடுறாங்க. அப்ப அவளுக்குக் கிடைக்கிற பாடம், படுத்தா யாரும் பார்க்க மாட்டாங்கங்கறது.

இப்ப கவனத்தை எடுக்கிற பகுதி. நகம் கையில பட்ட அந்த நொடியே தட்டையான குரல்ல ஒரே ஒரு தடவை "போச்சு"ன்னு சொல்லுங்க. குரைக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. எழுந்து பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்துங்க. மனசுக்குள்ள 15 எண்ணுங்க. கதவுக்கு அந்தப் பக்கம் 3 விநாடி சத்தம் இல்லைன்னா வெளியே வாங்க. சத்தம் இருந்தா அந்த 3 விநாடிக்குக் காத்திருங்க. வந்ததும் சமாதானம் வேண்டாம், நேரா நாற்காலி. நாலு காலும் தரையில இருந்து 2 விநாடி ஆனா, தாடைக்குக் கீழ 5 விநாடி தடவுங்க. தலைக்கு மேல கையைக் கொண்டு போகாதீங்க, பல நாய்க்கு அது துள்ளலைக் கிளப்பும். மறுபடி சுரண்டினா மறுபடி "போச்சு", மறுபடி எழுந்து போறது. முதல் நாள் தொடர்ந்து 6, 7 தடவை எழுந்து போக வேண்டியிருக்கும்.

15 விநாடிக்குப் பதிலா 10 நிமிஷம் உள்ள இருந்தா பாடம் நல்லா பதியும்னு தோணும். பதியாது. எதுக்காகப் போனீங்கங்கறதே அவளுக்கு அறுந்துடும். 10 நிமிஷத்துல ஒரே ஒரு பாடம் எடுக்கிறதுக்குப் பதிலா பத்துப் பாடம் எடுக்கலாம்.

இதை நிஜமான வேலை நேரத்துல செய்யாதீங்க. காலையில 15 நிமிஷம், சாயங்காலம் 15 நிமிஷம், லேப்டாப் திறந்து வெச்சு, எழுந்து போக மனசு தயாரா இருக்கிற நேரத்துல செய்யுங்க.

நகக்குறி:

பால்கனி வேண்டாம். அவளைக் கொண்டு போய் விடணும்னா கழுத்துப்பட்டையைப் பிடிக்கணும். அது தொடுறது, இழுபறி, ஒரு விளையாட்டு. நாலு நாள்ல கையை நீட்டினாலே நழுவி ஓடுவா, கூப்பிட்டா வர மாட்டா. வெயில் வேற. நாம எழுந்து போறதுல இது எதுவும் இல்லை, கவனத்தோட சொந்தக்காரரே போயிட்டார்.

சட்டையை இழுத்தா கையை வெடுக்குன்னு உருவாதீங்க, இழுபறி அவளுக்குப் பிடிச்ச ஆட்டம். துணியை அப்படியே அசையாம விட்டு, பல்லை விட்டதும் "போச்சு". பயிற்சி நேரத்துல பழைய முரட்டுத் துணிச் சட்டை போட்டுக்கோங்க.

தண்ணி பீச்சறது, பேப்பரைச் சுருட்டித் தட்டுறது, முழங்காலால நெஞ்சுல இடிக்கிறதெல்லாம் யாராவது சொல்லுவாங்க. அந்த நிமிஷம் நிக்கும். ஆனா ஒட்டிக்கிட்டே இருக்கிற நாய்க்கு உங்ககிட்ட நம்பிக்கை குறைஞ்சா ஒட்டல் இன்னும்தான் கூடும்.

பொம்மி_வீடு:

ரொம்ப நன்றி. மீட்டிங் நடுவுல எப்படி எழுந்து போறது? அத்தைகிட்ட பிஸ்கட் போடாதீங்கன்னு சொன்னா வருத்தப்படுவாங்க. அவங்களுக்கு அவ மேல உயிர்.

தெருமுனை:

மீட்டிங்ல பயிற்சியே வேண்டாம், ஏற்பாடு மட்டும். அறை வாசல்ல குழந்தைக்குப் போடுற தடுப்புக் கதவோ கிரில் கதவோ இருந்தா நல்லது, உங்களைப் பார்க்கலாம், தொட முடியாது. உள்ள குழி இருக்கிற கெட்டியான ரப்பர் பொம்மையில தயிர் சோறு அடைச்சு முந்தின ராத்திரியே ஃப்ரீஸர்ல வைங்க. உப்பு, தாளிப்பு, வெங்காயம் எதுவும் கூடாது, வெங்காயம் நாய்க்கு ரத்த சோகை கொண்டுவரும். உறைஞ்சதை நக்கித் தீர்க்க 20, 25 நிமிஷம் ஆகும். மீட்டிங் தொடங்க 5 நிமிஷம் இருக்கும்போதே, அவ அமைதியா இருக்கறப்பவே கொடுக்கணும். குரைச்சப்புறம் கொடுத்தா அது பழைய பிஸ்கட்தான். மீட்டிங் இல்லாத நாள்லயும் ரெண்டு மூணு தடவை இதே மாதிரி கொடுங்க, இல்லைன்னா பொம்மையைப் பார்த்தாலே "வெளியே தள்ளப் போறாங்க"ன்னு பதறுவா.

அத்தையைத் தடுக்காதீங்க, அந்த டப்பாவை அவங்க கையிலயே கொடுங்க. "பொம்மி போர்வையில படுத்திருந்தா மட்டும் நீங்க வைங்க அத்தை"ன்னு சொல்லுங்க. கொடுக்கிற சந்தோஷம் அவங்களுக்குப் போகாது, நேரம் மட்டும் மாறும். பிஸ்கட்டை நிறுத்துறது உடம்புக்கும் நல்லது. சாக்லேட் க்ரீம் பிஸ்கட் கூடவே கூடாது. சர்க்கரை இல்லாததுன்னு விக்கிறதுல சைலிட்டால்ங்கற இனிப்பூட்டி இருந்தா நாய்க்கு உயிருக்கே ஆபத்து.

பயிற்சிக்களம்:

இதை அழுத்திச் சொல்லணும்: ஒரு நாள்ல பொம்மிக்குக் கிடைக்கிற மொத்தக் கவனம் குறையக் கூடாது. கேட்டு வாங்கினதை, கேட்காமலே கொடுக்கிறதா மாத்துறோம், அவ்வளவுதான். 2 வயசு நாட்டு நாய்க்கு 35 நிமிஷ நடை பத்தாது. காலை நடையை 40 நிமிஷமாக்குங்க, அதுல பாதி அவ மோந்து பார்க்கிற வேகத்துக்கு விடுங்க, இழுக்காதீங்க. வெயில் காலத்துல 7 மணிக்குள்ள முடிச்சுடுங்க. நீங்களா கூப்பிட்டு 5 நிமிஷம் விளையாடுறது நாளைக்கு மூணு தடவை.

சில நேரத்துல கவனத்தை எடுக்கவே கூடாது. பட்டாசு, இடி சத்தத்துக்கு ஒட்டிக்க வந்தா அணைச்சுக்கோங்க, அதனால பயம் வளராது. வாசலுக்குப் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தா, வட்டமடிச்சு மோந்தா அது சிறுநீருக்கு: லீஷ் போட்டு 5 நிமிஷம், விளையாட்டு இல்லாம போயிட்டு வாங்க. உடம்பு விறைச்சு உறுமினா அது வேற விஷயம், பயிற்சியை நிறுத்திட்டு ஒரு நடத்தை நிபுணரை நேர்ல பார்க்கணும்.

பொம்மி_வீடு:

14 நாள் ஆச்சு. தாள்ல இருக்கிறதை அப்படியே போடுறேன். முதல் நாள் சுரண்டல் 23. 3வது நாள் 31, அன்னிக்கு விட்டுடலாம்னு இருந்துச்சு. 7வது நாள் 12. நேத்து 4, குரைப்பு ஒரே தடவை. நடுவுல 10வது நாள் கொழுந்தனார் வந்தப்ப அவர் காலைச் சுரண்டினா, அவரு கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டாரு. அடுத்த நாள் 15 ஆயிடுச்சு.

புதுசா ஒண்ணு. இப்ப லேசா ஒரு தடவை சுரண்டிட்டு, நான் எழுந்திருக்கிறதுக்குள்ள ஓடிப் போய்ப் போர்வையில படுத்துக்கிட்டு டப்பாவைப் பார்க்கறா. படுத்துட்டாளேன்னு கொடுத்துடுறேன். சரியா?

பயிற்சிக்களம்:

எண்கள் ரொம்ப நல்லா இருக்கு. 3வது நாள் நீங்க விடாததுதான் இதைக் காப்பாத்தியிருக்கு.

ஆனா அப்படிக் கொடுக்காதீங்க. சுரண்டல், ஓட்டம், படுக்கை, தீனின்னு நாலையும் ஒரே சங்கிலியா கோத்துக்கிட்டா. அவ கணக்குல சுரண்டல்தான் டப்பா திறக்கிற சாவி. ஓடிப் படுத்தாலும் "போச்சு" சொல்லி எழுந்து போங்க. திரும்பி வந்தப்புறம் அவ படுத்திருந்தா, முழுசா 30 விநாடி கழிச்சுத் தாடைத் தடவல் மட்டும், தீனி கிடையாது. அடுத்த துண்டு, நடுவுல ஒரு சுரண்டல்கூட இல்லாத 2 நிமிஷத்துக்கு அப்புறம்தான். சுரண்டாம தானாப் போய்ப் படுத்தா அந்த நிமிஷமே ஒரே தடவையில மூணு துண்டு வைங்க. ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு அவளுக்குப் புரிய ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் தாள்ல எண்ணிக்கை கொஞ்சம் ஏறி இறங்கும்.

கொழுந்தனார் அடுத்த தடவை வர்றப்ப, அவர் செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே டப்பாவை அவர் கையில கொடுத்துடுங்க.